பார்க்கின்சன் நோயாளிக்குக் கிரீன் டீ: தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவருக்குப் பார்க்கின்சன் என்று நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்ததுமே உறவினர்களின் ஆலோசனைகள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் தவறாமல் இடம்பிடிப்பது கிரீன் டீ. "நரம்புக்கு நல்லதாம், தினமும் நாலு வேளை குடுங்க" என்பார்கள். மருந்துக்கடையில் போய் நின்றால் கிரீன் டீ காப்ஸ்யூலும் கிடைக்கும். அக்கறையோடு சொல்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கப் போகிறவருக்கும் அதைப் போட்டுக் கொடுக்கப் போகிறவருக்கும் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீன் டீ பார்க்கின்சனுக்கு மருந்து அல்ல. பெரும்பாலான நோயாளிகள் நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை கவலையின்றிக் குடிக்கலாம். அதை எந்த நேரத்தில், எதோடு சேர்த்துக் குடிக்கிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் இருக்கின்றன. காப்ஸ்யூல் வேண்டவே வேண்டாம். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: நோயை ஓரளவு தெரிந்துகொள்ளுங்கள்

1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதிவைத்தார். தமிழில் இதை நடுக்குவாதம் என்கிறோம். நடுக்கம் மட்டுமே நோய் அல்ல. உடல் விறைப்பு, அசைவில் மந்தம், நடையில் தள்ளாட்டம், மலச்சிக்கல், தூக்கக் கோளாறு, வாசனை தெரியாமல் போவது எல்லாம் இதில் அடங்கும்.

நடுமூளையில் கரிய நிறமுள்ள ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தபடி கைகால் அசைய அது தேவை. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் நோயின் மையம். அழிகிற அணுக்களுக்குள் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டி கட்டியாகத் திரண்டிருக்கும். அணுக்கள் அழிவதை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும் மருந்து உண்டு. அதுதான் லெவோடோபா. நம்மூர் வீடுகளில் சின்டோபா என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான மாத்திரையில் இருப்பது, லெவோடோபாவும் அதற்குத் துணைசெய்யும் கார்பிடோபாவும்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அணுக்கள் அழிவதைத் தடுப்பது ஒன்று, இருக்கிற தொந்தரவைக் குறைப்பது மற்றொன்று. கிரீன் டீயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

படி 2: கோப்பைக்குள் என்ன இருக்கிறது

நாம் வழக்கமாகக் குடிக்கும் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். இலையைக் கசக்கிக் காற்றில் கறுக்கவிட்டால் வழக்கமான தேயிலை. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டிக் கறுக்கவிடாமல் உலர்த்தினால் கிரீன் டீ. அப்படிச் செய்வதால் இலையில் உள்ள கேட்டச்சின்கள் என்ற பொருள்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றில் அளவில் மிகுதியானது இ.ஜி.சி.ஜி. என்பது. ஆய்வாளர்களின் கவனமெல்லாம் அதன்மேல்தான். கூடவே கஃபீனும், மனதை அமைதிப்படுத்துவதாகக் கருதப்படும் தியானின் என்ற அமினோ அமிலமும் உண்டு. ஒரு கோப்பைக் கிரீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஒரு டம்ளர் காபியில் இருப்பதைவிட இது நன்றாகவே குறைவு.

படி 3: ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள்

நம்பிக்கை சும்மா பிறக்கவில்லை. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்து டெக்னியான் ஆய்வாளர்கள், டோபமின் அணுக்களைக் கொல்லும் எம்.பி.டி.பி. என்ற நச்சை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிரீன் டீ சாறும் இ.ஜி.சி.ஜி.யும் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட எலிகளில் அந்த அணுக்கள் பெருமளவு தப்பின. 2001இல் இது வெளியானது. 2008இல் பெர்லின் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஆய்வுக்குடுவையில் இ.ஜி.சி.ஜி. ஆல்ஃபா சைனூக்ளினோடு சேர்ந்து, அது தீங்கான இழைகளாகத் திரளாதபடி வேறு வழிக்குத் திருப்பிவிடுகிறது. நோயின் மையத்திலேயே கைவைக்கும் பொருளொன்று தேநீரில் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது கதை மாறுகிறது. குடித்த இ.ஜி.சி.ஜி.யில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது. மூளைக்குள் நுழைவது அதிலும் குறைவு. 

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் மிகவும் கவனிக்க வேண்டியது ஜெர்மனியில் நடந்தது. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்பது பார்க்கின்சனின் நெருங்கிய உறவு நோய். அதிலும் இதே ஆல்ஃபா சைனூக்ளின்தான் திரளுகிறது. அந்த நோயாளிகள் 92 பேரில் ஒரு பாதிக்கு இ.ஜி.சி.ஜி.யும் மறுபாதிக்கு வெற்று மருந்தும் 48 வாரம் கொடுத்தார்கள். 2019இல் முடிவு வந்தது. நோய் முற்றும் வேகத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. இ.ஜி.சி.ஜி. எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்புதான் வந்தது. பார்க்கின்சனிலேயே இது பலிக்காது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பலிக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பவும் முடியாது.

மக்கள் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளும் உண்டு. ஹோனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை முப்பது ஆண்டு தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளியானது. காபி தொடாதவர்களுக்குப் பார்க்கின்சன் வந்த விகிதம், மிக அதிகமாகக் குடித்தவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதற்குக் காரணம் கஃபீன்தான் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது.

சிங்கப்பூரில் கிடைத்த முடிவு நமக்கு இன்னும் சுவையானது. அங்கு 63,257 சீனர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் 2008ஆம் ஆண்டு அறிக்கையில், பார்க்கின்சன் குறைவாக வந்ததோடு தொடர்பு தெரிந்தது வழக்கமான கறுப்புத் தேயிலைக்கு. கிரீன் டீக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. கிரீன் டீ பிடிக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வெறுந்தேத்தண்ணியும் நம் கடைகளின் கட்டஞ்சாயாவும் எந்த வகையிலும் இளைத்தவை அல்ல.

இதிலும் ஒரு எச்சரிக்கை. நோய் வராமல் இருந்தவர்களிடம் தெரிந்த தொடர்பு, நோய் வந்தவருக்கு மருந்தாகிவிடாது. 2017இல் வெளியான ஒரு சோதனை அதை நேராகவே பார்த்தது. பார்க்கின்சன் நோயாளிகள் 121 பேரில் ஒரு பிரிவுக்குத் தினமும் இருவேளை 200 மில்லிகிராம் கஃபீன் கொடுக்கப்பட்டது. அசைவில் எந்த முன்னேற்றமும் இல்லை.

ஆக, நிரூபணமான சிகிச்சை என்ற தகுதி கிரீன் டீக்கு இல்லை. பிறகு ஏன் குடிக்க வேண்டும்? நோயாளி போதிய அளவு நீர் குடிக்க அது ஒரு வழி. சர்க்கரையும் பாலும் நிறைந்த பானத்துக்கு நல்ல மாற்று. பகலில் கண்ணைச் சுழற்றும் தூக்கத்துக்குச் சிறு விறுவிறுப்பு. இவ்வளவும் போதாதா? எனக்குப் போதும் என்றுதான் தோன்றுகிறது.

படி 4: தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டு நோயாளிக்குப் பொருந்தினால் முதல் கோப்பைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள். தேயிலையில் வைட்டமின் கே உண்டு. ஒன்றிரண்டு கோப்பையால் பெரிய மாற்றம் வராது. லிட்டர் கணக்கில் குடித்தால் மருந்தின் வேலை குறையக்கூடும்.

ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள். தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் உண்டு: இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவையும் பிடித்துக்கொள்ளும். எனவே இரும்புச்சத்து மாத்திரைக்கும் லெவோடோபாவுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கல்லீரல் கோளாறு, கட்டுப்படாத நெஞ்சுப் படபடப்பு, பதற்றம், வயிற்றுப் புண் உள்ளவர்கள். செலிஜிலின், ரசாஜிலின் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் கஃபீன் எவ்வளவு வரை ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்குக் கஃபீனே கைநடுக்கத்தைக் கூட்டும். அது குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

படி 5: வாங்கும்போது

ஆடம்பரப் பெட்டி தேவையில்லை. நீலகிரியில் விளைந்து பொட்டலமிடப்பட்ட சாதாரண கிரீன் டீயே போதும். பொட்டலத்தின் தேதியைப் பாருங்கள், பழைய இலையில் கேட்டச்சின் குறைந்திருக்கும். இனிப்பு கலந்த பாட்டில் கிரீன் டீயை விட்டுவிடுங்கள். கை நடுங்குகிறவர் தாமே போட்டுக்கொள்ள விரும்பினால் டீ பேக் வசதி. இலையை அளப்பது, வடிகட்டுவது என்ற இரண்டு வேலை மிச்சம்.

படி 6: போடும் முறை

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். கொதிக்கும் நீரில் போட்டால் கிரீன் டீ கசந்துபோகும். 70 முதல் 80 டிகிரி சூடே அதற்கு ஏற்றது. ஒரு கோப்பை, அதாவது 150 முதல் 200 மில்லி நீருக்கு, ஒரு தேக்கரண்டி இலை. இரண்டிலிருந்து மூன்று நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். டீத்தூளைப் போல அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம்.

பால் சேர்க்காதீர்கள். பாலின் புரதம் கேட்டச்சின்களோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடுத்த படியில் வருகிறது. சில சொட்டு எலுமிச்சைச்சாறு சேர்க்கலாம். சுவைக்கும் நல்லது, கேட்டச்சின் கெடாமல் இருக்கவும் உதவும். பார்க்கின்சன் நோயாளிகளில் பலருக்கு வாசனை தெரியாது என்பதால் கிரீன் டீ அவர்களுக்கு வெறும் வெந்நீராகத் தோன்றும். அதை ஈடுகட்டச் சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்குப் பதில் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடுங்கள், நாக்குக்கு உறைப்பாவது தெரியும்.

படி 7: மாத்திரைக்கு இடம் விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

லெவோடோபா சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. குடலின் சுவரைத் தாண்ட அதற்கென்று தனி வாசல் இல்லை. உணவுப் புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் நுழையும் அதே வாசலில்தான் அதுவும் நுழைய வேண்டும். டவுன் பஸ்ஸில் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஏறுவதைப் போன்றது அது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும்போதும் மறுபடி இதே நெருக்கடி.

நம் வீடுகளில் காலை மாத்திரை எதோடு போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பால் காபி, பால் டீ, அல்லது சத்து மாவு கரைத்த பால். மாத்திரை 'பிடிக்கவில்லை', 'லேட்டாகத்தான் வேலை செய்கிறது' என்று குறைப்படுகிற பலருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நோயின் தொடக்க ஆண்டுகளில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆண்டுகள் போகப் போக, மருந்து வேலை செய்யும் நேரமும் வேலை செய்யாத நேரமும் மாறி மாறி வரத் தொடங்கும்போது நன்றாகவே தெரியும்.

எனவே மாத்திரையை ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு கொடுங்கள். உணவுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ இருக்கட்டும். வெறும் வயிற்றில் குமட்டல் வந்தால் புரதம் அதிகமில்லாத இரண்டு பிஸ்கட் போதும். கிரீன் டீயோடு மாத்திரையை விழுங்க வைக்காதீர்கள். தேநீரின் பொருள்கள் சில மருந்துகள் உடலில் சேரும் விதத்தை மாற்றக்கூடியவை. அரை மணி பொறுப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

ஒரு காலைப் பொழுது இப்படி அமையலாம்: 6.30க்குத் தண்ணீரோடு மாத்திரை. 7.15க்குக் கிரீன் டீ. 8 மணிக்கு இட்லி அல்லது இடியாப்பம். 11 மணி வாக்கில், மதிய மாத்திரைக்கு வெகு முன்னதாக, இரண்டாவது கோப்பை. பால் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் அதைக் காலை உணவோடு சேர்த்துக்கொள்ளட்டும். மாத்திரையின் நேரத்தையே மாற்ற வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டுப் பருப்பையும் முட்டையையும் மீனையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பார்க்கின்சன் நோயாளிகள் ஏற்கெனவே எடை குறைகிறவர்கள். புரதம் வேண்டும். மாத்திரையோடு மோதாத நேரத்தில் வேண்டும்.

மாலை நான்கு மணிக்குமேல் கிரீன் டீ வேண்டாம். தூக்கம் கெடும். இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்தால் இருட்டில் விழும் ஆபத்து கூடும்.

படி 8: நடுங்கும் கைக்கும் சிரமப்படும் தொண்டைக்கும்

சூடான பானம், நடுங்கும் கை. தொடையில் கொட்டிக்கொண்டு வெந்துபோகிறவர்கள் உண்டு. கோப்பையைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள கனமான கோப்பை நல்லது. ஓரமில்லாத எவர்சில்வர் டம்ளரை விட்டுவிடுங்கள், சுடும், வழுக்கும். விரலை நனைத்துப் பார்த்தால் தாங்கக்கூடிய இளஞ்சூடு வந்தபின் கொடுங்கள்.

விழுங்குவது இன்னும் முக்கியம். நோய் முற்றும்போது தண்ணீர், டீ போன்ற நீர்த்த பானங்கள்தான் முதலில் புரையேறத் தொடங்கும். நேராக உட்காரவைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு சிறு மிடறாகக் குடிக்கச் சொல்லுங்கள். குடிக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். குடித்தபின் இருமல் வந்தாலோ, குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தாலோ, அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தாலோ, டீயை நிறுத்திவிட்டுப் பேச்சு மற்றும் விழுங்கும் பயிற்சி நிபுணரைப் பாருங்கள். நுரையீரலுக்குள் பானம் இறங்குவதால் வரும் நிமோனியா, இந்த நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று.

படி 9: ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். முதல் வாரம் கிரீன் டீ இல்லாமல் எழுதுங்கள்: மாத்திரை கொடுத்த நேரம், அது வேலை செய்யத் தொடங்கிய நேரம், நடுக்கம், தூக்கம், மலம் கழித்தது. அடுத்த வாரம் காலையில் ஒரு கோப்பை. ஒத்துக்கொண்டால் மூன்றாம் வாரம் இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். டீயையும் புது மாத்திரையையும் ஒன்றாகத் தொடங்கினால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நடுக்கமோ படபடப்போ கூடினால் நிறுத்திவிடுங்கள். அந்த நோட்டை அடுத்த முறை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உங்கள் நினைவைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.

எதைத் தொடவே கூடாது

கிரீன் டீ காப்ஸ்யூலை. பல கோப்பையின் சத்தை ஒரே விழுங்கில் இறக்கும் பொருள் அது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் இ.ஜி.சி.ஜி.யும் அதற்கு மேலும் கூடுதல் சத்துமாத்திரையாக எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் பதிவுசெய்தது. ஊறவைத்துக் குடிக்கும் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே அது சொன்னது.

இன்னொன்று பூனைக்காலி விதைப் பொடி. இதற்கு ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் இங்கே பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரையில் இருப்பதே விதையிலும் இருப்பதால், மருத்துவருக்குச் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து எடுத்தால் அளவு மீறிப்போகும். கட்டுப்பாடில்லாத உடல் அசைவுகள், ரத்த அழுத்தம் குறைந்து மயக்கம், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். கிரீன் டீயை மூலிகைப் பொடியோடு கலந்து விற்கும் பொட்டலங்களை வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரே ஒரு வேண்டுகோள். கிரீன் டீயால் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிறது என்பதற்காக ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.